வெளியே போகிற ஆள்

அன்றைக்குப் பறவைகள் ஐந்தே நிமிடத்தில் அடங்கிவிட்டன.

இருசப்பன் கைக்கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார். ஆறு பத்துக்குப் பறவை பார்க்கும் கூண்டுக்குள் நுழைந்து படுதாவை இழுத்துக் கட்டியிருந்தார். இப்போது ஆறு பதினைந்து. ஏரிக்குள் நீண்டு கிடக்கும் மண்திட்டில் அவர் கால் வைத்ததுமே ஊரைக் கூட்டிக்கொண்டு எழும்பிய ஆள்காட்டிக் குருவிகள் இரண்டும் அதற்குள் இறங்கி, சேற்றில் குடுகுடுவென்று ஓடுவதும் நின்று குத்துவதுமாகத் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. நத்தைகுத்தி நாரைகள் வரிசையாக வந்து நின்று இறக்கைகளை மடித்துக்கொண்டன. உள்ளான்கள் பத்தடி தூரத்தில் மேய்ந்தன. நியாயமாகப் பார்த்தால் இதற்கு முக்கால் மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். அவருடைய சிவப்பு அட்டை நோட்டில் ஒன்றரை வருஷமாக அப்படித்தான் இருந்தது. நாற்பத்தேழு நிமிடம், ஐம்பத்திரண்டு, நாற்பத்து நாலு. ஒரு நாள்கூட முப்பதுக்குக் கீழே வந்ததில்லை.

அந்த நாளுக்கு நேராக ஐந்து என்று எழுதினார். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பறவை பார்க்கிறவர்களிடம் ஒரு தந்திரம் உண்டு. ஒளிந்து பார்ப்பதற்கென்று ஒரு மறைவைக் கட்டி, அதற்குள் ஒருவர் மட்டும் போய் உட்கார்ந்தால் பறவை நம்பாது. உள்ளே ஆள் இருக்கிறது என்று அதற்குத் தெரியும், தூரத்திலேயே நின்று கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் இரண்டு பேராகப் போக வேண்டும். போய், ஒருவர் மட்டும் நன்றாகத் தெரியும்படி வெளியே வந்து, கையை வீசி நடந்து, கண்ணுக்கு மறைந்துவிட வேண்டும். பறவைக்கு எண்ணத் தெரியாது. வந்த ஆள் போய்விட்டது, மறைவு காலி என்று எடுத்துக்கொண்டு சீக்கிரமே இறங்கிவிடும். உள்ளே இருப்பவர் அதற்கப்புறம் அதன் கணக்கில் இல்லை.

பன்னிரண்டு வருஷம் அந்த வெளியே போகிற ஆளாக இருந்தவள் ஜெயம்மாள், இருசப்பனின் மனைவி. கரண்டு ஆபீசில் லைன்மேனாக இருந்த காலத்தில் கம்பத்தின் மேலே ஏறிப் பறவைகளை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தவர், ஓய்வு பெற்றதும் அதையே முழுநேர வேலையாக்கிக்கொண்டார். வடக்கனந்தலுக்கு வெளியே ஏரிக்கரையின் முனையில் வீடு. ஏரிக்கு அந்தப் பக்கம் கல்வராயன் மலை. சவுக்குக் கொம்பு நட்டு, பச்சை வலை சுற்றி, சம்புப் புல் சொருகி அவர் அந்த மறைவைக் கட்டியபோது, ஜெயம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள். “பறவைங்க எல்லாம் வெளிய சுத்துது, நீ கூண்டுக்குள்ள பூந்துக்கினு பாக்கற. நல்லா இருக்குதுய்யா” என்றாள். அன்றிலிருந்து அதற்குக் கூண்டு என்று பெயர்.

தினமும் அவரோடு கூண்டு வரைக்கும் வருவாள். இரண்டு முக்காலியில் ஒன்றில் அரை நிமிடம் உட்காருவாள். “ஒன் குருவிங்களுக்கு ஒண்ணு ரெண்டுகூட எண்ணத் தெரியாதா? நம்ம பொண்ணு எழிலு பால்வாடியிலயே எண்ணிச்சே” என்று கேலி செய்துவிட்டு வெளியே போய், படுதாவை வெளிப்பக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவாள். பிறகு குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடது கையை மட்டும் வீசு வீசென்று வீசி, திட்டைக் கடந்து, கரையேறி, வீட்டுக்குப் போய் உலை வைப்பாள். அந்தக் கைவீச்சைப் பார்க்காத பறவை அந்த ஏரியில் இல்லை.

அவள் செத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நெஞ்சுவலி. அதற்குப் பிறகு இருசப்பன் தனியாகத்தான் போனார், தனியாகத்தான் முக்கால் மணி நேரம் காத்திருந்தார். அவருக்கு அவசரமும் இல்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள், சீக்கிரம் வா என்று சொல்ல?

அன்றைக்கு மட்டும் ஒன்று செய்தார். மார்கழிப் புயலின் மிச்சமாகத் தூறிக்கொண்டிருந்ததால் ஜெயம்மாளின் குடையை எடுத்து வந்திருந்தார், ஒரு கம்பி ஒடிந்த நீலக் குடை. கூண்டுக்குள் வந்து அதை அவளுடைய முக்காலியின் மேல் வைத்தபோது, யாரோ வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. யோசிக்காமல், பழக்க தோஷத்தில், “சரி, நீ கெளம்பு” என்று சொல்லிவிட்டார். படுதாவை உள்ளிருந்து கட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். துடைத்துவிட்டு நிமிர்ந்தால் பறவைகள் அடங்கியிருந்தன.

அதோடு நின்றிருந்தால் தற்செயல் என்று விட்டிருப்பார். ஆனால் அன்றைக்குத்தான் கல்திருப்பி வந்தது.

கல்திருப்பி கடற்கரைப் பறவை. அலை ஒதுக்கும் கல்லுக்கும் சிப்பிக்கும் அடியில் அலகைக் கொடுத்து நெம்பிப் புரட்டி, கீழே இருப்பதைத் தின்னும். கடலை விட்டு இவ்வளவு தூரம் உள்ளே அது வருவதில்லை. புயல் அடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, கூட்டத்தை விட்டுவிட்டு ஒற்றையாக இங்கே போட்டிருக்கிறது. இருசப்பன் அதை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார், மரக்காணத்துக் கடற்கரையில், ஜெயம்மாளோடு பஸ்ஸில் போன நாளில். “அது இன்னா தேடுது?” என்று கேட்டு, அவளும் உட்கார்ந்து இரண்டு சிப்பியைப் புரட்டிப் பார்த்தாள். இப்போது அதே பறவை வீட்டு ஏரியில், அவருக்கு எதிரில், ஒரு ஓட்டாஞ்சில்லைப் புரட்டிக்கொண்டிருந்தது. கேமராவைத் தூக்கினார். அவசரத்தில் படம் கலங்கிவிட்டது.

அன்று மாலை ஓசூரிலிருந்து மகள் எழில்மதி போன் செய்தாள். “ஞாயித்துக்கெழம நாங்க வர்றோம்ப்பா. இந்தத் தடவ உன்ன இட்டுக்கினுதான் வருவோம். தனியா கெடந்து இன்னா பண்ற அங்க?”

“ஒரு பறவ வந்துக்கீதும்மா. அது போற வரைக்கும்…”

“எப்பவும் ஒரு பறவ வந்துக்கினுதான்பா இருக்கும்” என்றாள் எழில்மதி. அது உண்மைதான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. இந்தத் தடவை வேண்டுமென்றே செய்தார். படுதாவைத் தூக்கிப் பிடித்து, ஒரு ஆள் நுழைய இடம் விட்டு, பிறகு தான் நுழைந்தார். குடை முக்காலியிலேயே இருந்தது. “சரி, நீ கெளம்பு.” கிழவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தனக்குத் தானே சிரித்துக்கொண்டு, பார்வைத் துவாரத்தில் கண்ணை வைத்தார்.

நாரைகள் பதினொன்று நின்றிருந்தன. பதினொன்றின் அலகுகளும் கூண்டைப் பார்த்தபடி இருந்தன. பிறகு எல்லாம் ஒன்றாக, மெதுவாக, இடது பக்கம் திரும்ப ஆரம்பித்தன. திட்டின் மேல் ஒரு ஆள் நடந்து போனால் எவ்வளவு வேகத்தில் திரும்புமோ அவ்வளவு வேகத்தில். திட்டு கரையோடு சேரும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதைத் தாண்டும்போது யாரும் கொஞ்சம் தயங்குவார்கள். அலகுகளும் அங்கே கொஞ்சம் தயங்கின. பிறகு கரை மேல் ஏறின. வீட்டுப் பக்கம் போயின. அங்கே முடிந்து, நாரைகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நத்தை தேட ஆரம்பித்தன.

திட்டில் யாரும் இல்லை.

இருசப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. பயம் என்று சொல்ல முடியாது. பயத்தைவிட அதில் ஆசைதான் ஜாஸ்தி. ஜெயா, என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். ஒன்றரை வருஷமாகச் சுவரோடு சாப்பிட்டு, சுவரோடு பேசி, சுவரைப் பார்த்துப் படுத்தவருக்கு, தன்னோடு இரண்டாவதாக ஒரு ஆள் நடந்து வருகிறது என்பதே போதுமாக இருந்தது. அது எப்படி, என்ன என்று கேட்கிற நிலையில் அவர் இல்லை.

புதன்கிழமை திரும்பும்போது படுதாவைத் தள்ளினால் திறக்கவில்லை. உள்முடிச்சை அவிழ்த்தாகிவிட்டது. கையை இடுக்கு வழியே வெளியே விட்டுத் தடவினார். வெளிப்பக்கம் கயிறு இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. ஈரக் கயிறு. முடிச்சை விரலாலேயே படித்தார். அவளுடைய முடிச்சுதான். அதை அவிழ்க்க மனம் வராமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார்.

வியாழக்கிழமை, அவர் திட்டில் கால் வைத்ததும் ஆள்காட்டிகள் கத்தி எழும்பி, வட்டமடித்து, அவர் பத்தடி போனதும் மறுபடியும் அவருக்குப் பின்னால் திட்டின் முனைக்கே போய்க் கத்தின. முதலில் வந்த ஆளுக்கு ஒரு தடவை, இரண்டாவதாக வந்த ஆளுக்கு ஒரு தடவை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் இல்லாமல் போய்விடுமோ என்று இருந்தது. அன்று கல்திருப்பியைப் படம் எடுத்தார். ஒவ்வொரு இறகும் தெரிகிற படம். சந்தோஷமாகக் குடையை முக்காலியிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார்.

கரையில் செவ்வந்தி ஆடுகளை ஓட்டிக்கொண்டு எதிரே வந்தாள். அவள் அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவள், ஜெயம்மாளுக்குத் தோழி மாதிரி.

“இன்னாண்ணா, காலையில கூப்ட்டா காதுலயே வாங்காம போறீங்க?”

“எப்போ?”

“ஆறரை இருக்கும். கரை மேல வூட்டுப் பக்கம் போய்க்கினு இருந்தீங்களே.”

ஆறரைக்கு அவர் கூண்டுக்குள் இருந்தார். “பொம்பளையா இருந்திச்சா செவ்வந்தி? நல்லா யோசிச்சு சொல்லு. புடவையா?”

செவ்வந்தி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “உங்கள எனக்குத் தெரியாதா? இதே தொப்பி. இதே சட்ட. நீலக் கொட இடுக்கிக்கினு. இடது கைய மட்டும் வீசி வீசி நடந்தீங்க. எங்கக்கா நடக்கறாப்பலயே இருந்திச்சி, அதான் சிரிச்சிக்கினேன்.”

“குடை கூண்டுலதான் இருக்குது” என்றார் இருசப்பன்.

“அப்ப மறுக்கா போயி வெச்சிட்டு வந்தீங்களா?”

அவர் வீட்டுக்கு நடந்தார். நடக்கும்போது தன் இடது கையைச் சட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவர் நினைத்திருந்தது ஒன்று. ஜெயம்மாள் வருகிறாள், போகிறாள். வந்து போனது அவள் இல்லை. அவளுடைய வேலையை எடுத்துக்கொண்ட ஏதோ ஒன்று. பன்னிரண்டு வருஷம் அந்த ஏரியில் எங்கேயோ இருந்து அவள் எப்படி வெளியே போகிறாள் என்று பார்த்துக் கற்றுக்கொண்ட ஒன்று. அதை ‘கெளம்பு’ என்று அவரேதான் சொல்லி அனுப்பியிருக்கிறார். மூன்று நாள், நாலு நாள். அது இப்போது அவர் முகத்தை வைத்துக்கொண்டு நடக்கிறது.

வெள்ளிக்கிழமை அவர் ஏரிக்குப் போகவில்லை. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அடுப்புப் பற்ற வைக்கவில்லை. ஆறு பத்துக்கு ஏரியில் ஆள்காட்டி கத்தியது.

கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் பார்ப்பதில் அவர் கெட்டிக்காரர். இத்தனை வருஷத்தில் பறவை கத்துவதை வைத்தே நாய் வருகிறதா, பாம்பு போகிறதா, ஆள் நடக்கிறதா என்று சொல்லிவிடுவார். இது ஆள். திட்டில் கத்தியது. கொஞ்சம் பொறுத்து, பள்ளத்துக்குப் பக்கத்தில் இருந்த தவிட்டுக் குருவிக் கூட்டம் கிறீச்சிட்டது. பிறகு கரைமேல் புளியமரத்துக் காக்கை. பிறகு வேலியோரத்துக் கொண்டைக் குருவி. பிறகு கொல்லைப்புறத்து அணில், டிக் டிக் டிக்கென்று விடாமல், வாலைத் தூக்கி அடித்துக்கொண்டு. பின்கதவுக்கு நேராக.

அங்கே நின்றது.

அணிலும் நிறுத்திக்கொண்டது. கொல்லையில் ஒரு சத்தமும் இல்லை. கதவின் கீழ் இடுக்கு வழியே ஏரிச் சேற்றின் வாடை வந்தது. கூண்டுக்குள் அடிக்கிற வாடை, நனைந்த சம்புப் புல்லும் பழைய வலையும் சேர்ந்த வாடை. இருசப்பன் மூச்சை இழுத்துப் பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம். மூன்று நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு சிட்டுக்குருவி ஜன்னல் கம்பியில் வந்து உட்கார்ந்தது. அவர் முகத்துக்கும் அதற்கும் ஒரு முழம் இருக்கும். அது அவரைப் பார்த்தது, பார்த்துவிட்டு இறகைக் கோத ஆரம்பித்தது.

அவர் கையைத் தூக்கினார். பறக்கவில்லை.

கையை ஆட்டினார். அப்போதும் இல்லை. கம்பியைத் தட்டிய பிறகுதான், ஏதோ காற்றடித்த மாதிரி, சாவகாசமாகப் பறந்து போனது.

உடனே மகளுக்குப் போன் செய்தார். “எழிலு, ஞாயித்துக்கெழம கண்டிப்பா வந்துடும்மா. நான் வந்துடறேன். இனிமே இங்க இருக்க முடியாது.”

எழில்மதி அழுகிறாள் என்று தெரிந்தது. “விடிகாலம் நாலு மணிக்கே கெளம்பிடறோம்பா. எட்டு மணிக்கெல்லாம் அங்க இருப்போம். துணிய மட்டும் எடுத்து வெச்சிக்கோ” என்றாள். “குரலு ஏம்ப்பா எங்கியோ இருந்து வர்றாப்பல கீது? நல்லா பேசு.”

“நல்லாத்தாம்மா பேசறேன்” என்றார் அவர், கத்தி.

சனிக்கிழமை துணிகளைப் பையில் அடுக்கினார். நோட்டுகளை அட்டைப் பெட்டியில் கட்டினார். சாயங்காலம் வாசலில் நின்றிருந்தபோது செவ்வந்தி ஆடுகளோடு கடந்தாள். அவர் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டு போனாள், நிற்கவில்லை. “செவ்வந்தி” என்றார். இரண்டாவது தடவை கூப்பிட்டதும்தான் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“இங்கதான் நிக்கிறீங்களா? கண்ணுக்கே தெரியலண்ணா” என்றாள். “காலையில திரும்பிப் பாத்து சிரிச்சீங்களே. அப்ப நல்லா இருந்தீங்க.”

சனிக்கிழமையும் அவர் வீட்டை விட்டு வெளியே போயிருக்கவில்லை.

அன்று படுத்துக்கொண்டு மகளையே நினைத்துக்கொண்டிருந்தார். அவளுடைய இரண்டாவது மாடி வீடு, பால்கனியில் அவள் வைத்திருக்கும் துளசி, காலையில் அவள் கொடுக்கப் போகும் காபி. எட்டு மணிக்குக் கார் வரும். ஏறி உட்கார்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான். பறவையே வேண்டாம். ஒரு மனுஷி தன்னைப் பார்த்து ‘அப்பா’ என்று சொன்னால் போதும்.

அப்படியே போயிருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் ஜெயம்மாளின் குடை கூண்டில் இருந்தது. சேலையெல்லாம் எழில்மதி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஜெயம்மாளுடையது என்று அவரிடம் மிச்சம் இருந்தது அந்தக் கம்பி ஒடிந்த குடைதான். அதை அந்த ஒன்றின் கையில் விட்டுவிட்டுப் போவதா? ஞாயிற்றுக்கிழமை நன்றாக வெயில் ஏறட்டும் என்று ஏழு மணி வரை காத்திருந்தார். ஏழரைக்குள் போய்க் குடையை எடுத்துக்கொண்டு, கூண்டைப் பிரித்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம். பைனாகுலரைப் பழக்கத்தில் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

பனி விலகி மலை தெளிவாகத் தெரிந்தது. கரும்புத் தோட்டத்துப் பக்கம் டிராக்டர் சத்தம் கேட்டது. திட்டில் கால் வைத்தார். ஆள்காட்டி கத்தியது. அவர் நின்றார். இரண்டாவது கத்தலுக்காகக் காதைக் கூர்மையாக வைத்துக்கொண்டு முழுதாக ஒரு நிமிடம் நின்றார்.

கத்தவில்லை. ஒரே தடவைதான்.

அவருக்கு அப்படியே உயிர் வந்தது. பின்னால் யாரும் வரவில்லை. தான் மட்டும்தான். வேகமாக நடந்து, படுதாவைத் தூக்கி மேலே சொருகிவிட்டு உள்ளே நுழைந்தார்.

முக்காலியின் மேல் குடை இல்லை.

குனிந்து கீழே தேடினார். மூலையில் தேடினார். முக்காலியில் கை பட்டது. சூடாக இருந்தது. யாரோ ரொம்ப நேரமாக உட்கார்ந்திருந்து, இப்போதுதான் எழுந்த சூடு.

அப்போதுதான் புரிந்தது. ஆள்காட்டி ஒரு தடவைதான் கத்தும். ஒரு ஆள்தான் வந்தது. மற்றது ஏற்கெனவே உள்ளே இருந்தது.

முதுகுக்குப் பின்னால் படுதா விழுந்தது.

கயிறு உரசும் சத்தம். ஒரு சுற்று. இரண்டு சுற்று. முடிச்சு.

“யாரு?” என்றார். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

துவாரத்துக்கு ஓடினார். திட்டின் மேல் ஒருவர் நடந்து போய்க்கொண்டிருந்தார். காக்கித் தொப்பி, காலர் கிழிந்த வெள்ளைச் சட்டை, அக்குளில் நீலக் குடை. இடது கை வீசு வீசென்று வீசியது. பறவைகள் எல்லாம் பார்க்க வேண்டும் என்பதற்காக வீசுகிற வீச்சு. பதினொரு நாரைகளும் அலகைத் திருப்பி அதைப் பார்த்தன. பள்ளத்தில் கொஞ்சம் தயங்கியது. கரை ஏறியது.

கரை மேல் வெள்ளைக் கார் வந்து நின்றது. மணி ஏழே முக்கால். சீக்கிரமே வந்துவிட்டார்கள்.

“எழிலூ!”

முடிச்சு அவிழவில்லை. வலையைப் பல்லால் கடித்தார். சவுக்குக் கொம்பைப் பிடுங்கினார். மக்கிப்போன வலை கிழிந்தது, கையும் கிழிந்தது, வெளியே விழுந்தார். பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். எழில்மதி காரிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். அதன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். துப்பட்டாவால் அதன் முகத்தைத் துடைத்தாள். அவருடைய முகம். அவர் மகள் துடைத்ததில் அந்த முகம் சுருங்கி, சிரித்து, அழுதது. பிறகு அவள் தோளுக்கு மேலாக ஏரியைப் பார்த்தது. அவரைப் பார்க்கவில்லை. பறவைகளைப் பார்த்தது. அடங்கிவிட்டனவா என்று சரிபார்க்கிற பார்வை.

அவர் ஓடினார். கத்திக்கொண்டே ஓடினார். சேறு முழங்கால் வரை வாங்கியது. எழில்மதியும் அதுவும் வீட்டுக்குள் போய்ப் பையையும் அட்டைப் பெட்டியையும் எடுத்து வந்தார்கள். கதவு சாத்துகிற சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று. அவர் பள்ளத்தைத் தாண்டியபோது கார் நகர்ந்தது. கரையில் செவ்வந்தி கையை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

“செவ்வந்தி! நிறுத்தச் சொல்லு! அது நான் இல்ல!”

ஐந்தடியில் நின்று கத்தினார். அவள் கண்ணைச் சுருக்கி, அவர் நெஞ்சை ஊடுருவி, ஏரியைப் பார்த்தாள்.

“பாவம், கூண்டகூடப் பிரிக்காம போயிட்டாரு” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். கடைசி ஆடு அவர் காலை உரசிக்கொண்டு போனது. நிற்கவில்லை.

மறுபடியும் இறங்கித் தண்ணீர் ஓரத்தில் அவர் நின்றார். நாரைகள் இறங்கின. உள்ளான்கள் இறங்கின. எல்லாம் அவரைச் சுற்றி. கையைத் தட்டினார். ஒன்றும் எழும்பவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினார். ஆள்காட்டிக் குருவி, ஒரு தவளை அசைந்தாலும் ஊரைக் கூட்டுகிற அந்தக் குருவி, குடுகுடுவென்று ஓடி வந்து அவர் நிழல் விழ வேண்டிய இடத்தில் நின்றது. கத்தவில்லை.

பிறகு கல்திருப்பி வந்தது. ஒற்றையாக. ஒரு ஓட்டாஞ்சில்லைப் புரட்டியது. ஒரு கிளிஞ்சலைப் புரட்டியது. அவர் பாதத்துக்கு வந்து, கட்டை விரலுக்கு அடியில் அலகைக் கொடுத்து, நெம்ப ஆரம்பித்தது.